முட்டம் போனோம், நான் ஏறுவேன்: வினைச்சொல்லைக் கதையிலும் மேடையிலும் கற்பிக்கும் வழி

குமரி மாவட்டத்து ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுதிக் கொடுத்த கட்டுரை இது:

"நாங்கள் முட்டம் போனோம். அங்கே கலங்கரை விளக்கம் இருக்கிறது. நான் மேலே ஏறுவேன். காற்று பலமாக அடிக்கிறது. என் தொப்பி பறந்து போனது. பிறகு வீட்டுக்கு வருவோம்."

முந்தின வாரத் தேர்வில் இதே பையன் இலக்கணத்தில் பத்துக்குப் பத்து. த், ட், ற், இன் இறந்தகாலம். கிறு, கின்று, ஆநின்று நிகழ்காலம். ப், வ் எதிர்காலம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பான். நான் சிவப்பு மையை எடுத்து ஆறு வரியில் நாலு வினைகளைச் சுழித்துக் கொடுத்தேன்.

அந்த நாலில் ஒன்று என் தப்பு. "கலங்கரை விளக்கம் இருக்கிறது" சரியான வாக்கியம்தான். நாம் போய்விட்டு வந்ததற்காக விளக்கம் இல்லாமல் போய்விடாது. மூன்று காலத்துக்கும் பொதுவாக நிற்கிற பொருளை நிகழ்காலத்தால் சொல்வது நன்னூல் ஒப்புக்கொண்ட வழக்கு. தன்னை அறியாமல் பையன் சரியாக எழுதியதை நான் அடித்திருந்தேன்.

மற்ற மூன்றை யோசித்தபோதுதான் சங்கதி பிடிபட்டது. வினைக்கு நடுவில் நின்று காலம் காட்டும் இடைநிலை அவனுக்குத் தெரியும். எங்கே நின்றுகொண்டு கதை சொல்கிறோம் என்பதுதான் தெரியவில்லை. ஒரு வரியில் வீட்டில் உட்கார்ந்து நினைத்துப் பார்க்கிறான், அடுத்த வரியில் முந்தின நாள் ராத்திரி திட்டம் போடுகிறான், அதற்கடுத்த வரியில் விளக்கத்தின் உச்சியில் காற்று வாங்குகிறான். அதனால் காலம் நடத்தும்போது அட்டவணையைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, நிற்கும் இடத்திலிருந்து தொடங்குகிறேன். ஆறு முதல் ஒன்பது வரையான வகுப்புகளுக்கு, வாரம் ஒரு பாடவேளை கிடைத்தால் இரண்டு பருவங்களில் முடிகிற வேலை. படிப்படியாகச் சொல்கிறேன். படிகளின் வரிசையை நீங்கள் மாற்றிக்கொள்ளலாம், முதல் படியை மட்டும் தாண்டாதீர்கள்.

முதல் படி: வீட்டு வினைகளை அள்ளிக்கொண்டு வரச் சொல்லுங்கள்

"வீட்டில் நேற்று யார் யார் என்னென்ன வேலை செய்தார்கள், பத்து வினைச்சொல் எழுதி வாருங்கள்." அவ்வளவுதான் வீட்டுப்பாடம். குளச்சல் பக்கத்துப் பிள்ளை வலை வீசுவதையும் இழுப்பதையும் கொண்டுவரும். குலசேகரத்துப் பிள்ளை ரப்பர் பால் வெட்டுவதையும் ஷீட் அடிப்பதையும் கொண்டுவரும். நாஞ்சில் நாட்டு வயல்காரர் வீட்டுப் பிள்ளை நாற்று நடுவது, களை பறிப்பது, கதிர் அறுப்பது என்று கன்னிப்பூ, கும்பப்பூ இரண்டு போகத்தையும் நோட்டில் ஏற்றிவிடும். பாடப்புத்தகத்தின் "இராமன் படித்தான்" இவற்றின் பக்கத்தில் நிற்காது.

எனக்குப் பிடித்த சொல் தோவாளையிலிருந்து வந்தது. "அம்மா பூவைத் தொட்டாள்", "அம்மா பூவைத் தொடுத்தாள்." இரண்டுக்கும் பகுதி தொடு. பூக்கட்டுகிற வீட்டுப் பிள்ளை இதைக் குழப்பிக்கொள்வதே இல்லை. கரும்பலகையில் இரண்டையும் நீட்டிப் பாருங்கள்: தொட்டாள், தொடுகிறாள், தொடுவாள், தொடுத்தாள், தொடுக்கிறாள், தொடுப்பாள். நிகழ்காலத்தில் க் இரட்டித்தால் எதிர்காலத்தில் ப் இரட்டிக்கிறது. அங்கே ஒற்றைக் கிறு என்றால் இங்கே வ். இந்த ஒரு விதியைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். வெட்டுகிறார், வெட்டுவார், அறுக்கிறார், அறுப்பார் என்று தங்கள் பட்டியலில் உரசிப் பார்ப்பார்கள். உண், தின், காண், என் ஆகியவை அடங்காது (உண்கிறான், உண்பான்). அவற்றைத் தனியே ஒரு மூலையில் எழுதி வைத்தால் போதும்.

யாராவது ஒரு சுட்டிப் பிள்ளை "நட்டான் என்பதில் இடைநிலை எங்கே சார்?" என்று கேட்கும். நடு, விடு, பெறு போன்றவை ஒற்று இரட்டித்தே இறந்தகாலம் காட்டும், தனியே இடைநிலை வேண்டாம். கேட்டால் சொல்லுங்கள், கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

பேச்சு வழக்கைத் திருத்தும் ஆசை இந்தக் கட்டத்தில்தான் வரும். அடக்கிக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்தில் கிழக்கே "சொல்லுதேன்" என்பார்கள், மேற்கே போகப் போக "சொல்லுகேன்" என்பார்கள். "வந்தாவ", "போவாவ" என்ற மரியாதைப் பன்மை இங்கே சர்வசாதாரணம். நோட்டில் இரண்டு பத்தி போட்டு, ஒன்றில் வீட்டுச் சொல், இன்னொன்றில் மேடைச் சொல். சொல்லுகேன், சொல்கிறேன். வந்தாவ, வந்தார்கள். வீட்டுச் சொல்லிலும் காலமும் இடமும் துல்லியமாக இருப்பதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். "எனக்கு இலக்கணம் வராது" என்று சொல்கிற பிள்ளை பிறந்ததிலிருந்து இலக்கணத்தோடுதான் பேசிக்கொண்டிருக்கிறது என்பது அதற்கு அன்றைக்குத்தான் தெரியவரும்.

இரண்டாம் படி: ஆளைச் சொல்லாமல் ஆளைக் காட்டுவது

எல்லையோரப் பள்ளிகளில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. வீட்டில் மலையாளமும் புழங்குகிற பிள்ளைகள் வினையின் கடைசியில் ஆளைக் காட்டும் விகுதியில் தடுமாறும். மலையாளத்தில் அவன், அவள், அவர் யார் வந்தாலும் வினை ஒன்றுதான். தமிழில் வினையே ஆளைச் சொல்லிவிடுகிறது. இதை விளக்கிக் கொண்டிருப்பதைவிட விளையாட்டாக எழுத வைப்பது மேல்.

விதி இதுதான்: எட்டு வரிக் கதை, மூன்று பேர் வர வேண்டும், பெயரோ அவன் அவள் என்ற சொல்லோ ஓரிடத்திலும் வரக் கூடாது. "கதவைத் திறந்தாள். திடுக்கிட்டான். 'எங்கே போயிருந்தாய்?' என்றாள். தலையைக் குனிந்தேன். குரைத்தது." யார் யார் இருக்கிறார்கள் என்று வகுப்பு கண்டுபிடிக்க வேண்டும். ஒரு அம்மா, ஒரு பையன், கதை சொல்லும் நான், ஒரு நாய். எழுவாய் தோன்றாமலேயே எழுவாய் நிற்பதைப் பார்த்தபின், "பறவைகள் பறக்கிறது" என்ற பிழையைப் பிள்ளைகளே பிடிப்பார்கள். பலவின்பாலுக்குப் பறக்கின்றன என்றுதான் வரும், கிறு அங்கே பொருந்தாது என்பதையும் இங்கே ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

மூன்றாம் படி: ஒரே காட்சி, மூன்று இடம்

கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்க்காத பிள்ளைகள் நம் மாவட்டத்தில் நிறைய உண்டு, வெளியூர்க்காரர்கள்தான் பார்க்கிறார்கள். பார்த்தவர்கள் சொல்லட்டும், மற்றவர்கள் கேட்டு எழுதட்டும். வகுப்பை மூன்றாகப் பிரியுங்கள். முதல் குழு இருட்டில் கடற்கரையில் காத்து நிற்கிறது: "இன்னும் சற்று நேரத்தில் வானம் சிவக்கும். மேகம் மறைக்காவிட்டால் முழு வட்டமும் தெரியும்." இரண்டாம் குழு சூரியன் எழும்பும் நொடியில் நிற்கிறது: "தெரிகிறது! தண்ணீரிலிருந்து பிரிகிறது!" மூன்றாம் குழு திரும்பும் பேருந்தில் இருக்கிறது: "மேகம் மறைத்துவிட்டது. ஆனாலும் கூட்டம் கை தட்டியது."

எழுதியதைப் படிக்கும்போது, படிப்பவர் எங்கே நிற்கிறார் என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். கடற்கரையா, பேருந்தா? நடுவில் இடம் மாறினால் கை தூக்க வேண்டும். "ஏன்டே, பஸ்ஸுல இருந்து மறுபடியும் கடலுக்குள்ள குதிச்சிட்ட?" என்று ஒரு தடவை பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான். நான் அதுவரை செய்த எந்தத் திருத்தமும் அந்த அளவுக்கு உறைத்ததில்லை.

நிகழ்காலக் குழு எப்போதும் திணறும். எழுத்தில் நிகழ்காலம் செயற்கையாகத் தோன்றுவதால் சீக்கிரமே இறந்தகாலத்துக்கு நழுவிவிடுவார்கள். அவர்களுக்குக் கால்பந்து வர்ணனை கொடுங்கள். தூத்தூர் பக்கத்துக் கடற்கரைப் பிள்ளைகளுக்குக் கால்பந்து ரத்தத்தில் ஓடுவது. மைதானத்து ஓரத்தில் இருவரை நிறுத்தி வாயால் வர்ணிக்கச் சொல்லி, மூன்றாமவன் எழுதட்டும். பந்து நிற்காதவரை வினையும் காலம் மாறாது. கோல் விழுந்ததும் மட்டும் "அடித்துவிட்டான்!" என்று இறந்தகாலம் வந்து விழும். அதைத் திருத்தாதீர்கள், அதுவும் இலக்கணம்தான்.

நான்காம் படி: பாட்டியின் எதிர்காலம்

இந்தப் படிக்கு நான் இரண்டு வாரம் எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் எந்தப் பாடப்புத்தகமும் இதில் நிற்பதில்லை.

பிள்ளைகள் வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் போய், "உங்க சின்ன வயசுல ஒரு நாள் எப்படிப் போகும்?" என்று கேட்டு, அவர் சொல்வதை அப்படியே எழுதி வர வேண்டும். ஒரு பிள்ளை எழுதி வந்தது: "எங்க அப்பா வெளுப்பாங்காலத்துல எந்திரிப்பாவ. கருப்பட்டிக் காப்பி குடிப்பாவ. வலையத் தூக்கிட்டுப் போவாவ. நாங்க கரையில காத்து நிப்போம்."

கரும்பலகையில் எழுதிவிட்டுக் கேளுங்கள்: இது எந்தக் காலம்? "எதிர்காலம்" என்று பாதி வகுப்பு சொல்லும். ஆனால் நடந்தது அறுபது வருடம் முன்னால். அந்த அப்பாவே இப்போது இல்லை. வகுப்பு கொஞ்ச நேரம் திகைத்து நிற்கும். அந்தத் திகைப்பைக் கலைக்க அவசரப்படாதீர்கள்.

தமிழில் எதிர்கால உருவம் வழக்கமாகத் திரும்பத் திரும்ப நடந்ததையும் சொல்லும். "போனார்" என்றால் ஒரு நாள் போனார். "போவார்" என்றால் நாள் தவறாமல் போவார். பாட்டி ஒரு நாளைச் சொல்லவில்லை, ஒரு வாழ்க்கையைச் சொல்கிறார். இப்போது பிள்ளைகளுக்கு எழுதும் வேலை: பாட்டியின் வழக்கத்தை ஐந்து வரி எதிர்கால உருவத்தில் எழுதி, பிறகு "ஒரு நாள்" என்று தொடங்கி இறந்தகாலத்துக்கு மாற வேண்டும். "காத்து நிற்போம். வள்ளம் தெரிந்ததும் ஓடுவோம். ஒரு நாள் வள்ளம் வரவில்லை." அந்த இடத்தில்தான் கதை பிறக்கிறது. காலத்தை மாற்றியதாலேயே பிறக்கிறது. இதை எழுதிப் பார்த்த பிள்ளை பிறகு தற்செயலாகக் காலம் மாற்றாது. மாற்றினால் ஒரு காரணத்தோடு மாற்றும்.

இன்னொரு சின்ன விஷயம்: "வள்ளம் வரும்", "வள்ளங்கள் வரும்" என்று அஃறிணையில் உம் மட்டும் நிற்கும். ப், வ் தேடிப் பிள்ளைகள் அலைய வேண்டாம்.

ஐந்தாம் படி: எச்சங்களின் சங்கிலி

மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சமைப்பதை ஒரே வாக்கியத்தில் எழுதச் சொல்லுங்கள். வினைமுற்று ஒன்றுதான், கடைசியில். "கிழங்கைத் தோலுரித்து, நறுக்கி, கழுவி, வேகவைத்து, தண்ணீரை வடித்து, அரைத்த தேங்காயைச் சேர்த்து, கிளறி, இறக்கினாள்." கடைசி வினையை மட்டும் இறக்குகிறாள், இறக்குவாள் என்று மாற்றிப் பார்த்தால் முழுச் சமையலும் காலம் மாறிவிடும். செய்து என்னும் எச்சம் தான் எந்தக் காலத்தில் நிற்கிறது என்பதை முற்றிடம் விட்டுவிடுகிறது என்பது அப்போது கண்ணால் தெரியும்.

ஆள் மாறினால் சங்கிலி அறுந்துவிடும். "மணி அடித்து பிள்ளைகள் ஓடினார்கள்" என்றால் பிள்ளைகளே மணி அடித்ததாகிவிடும். மணி அடித்ததும், அடித்தபோது, அடிக்க என்று மாற்ற வேண்டும். "மழை பெய்து குளம் நிறைந்தது" மட்டும் எப்படிச் சரி என்று கேட்பார்கள். ஒன்று மற்றதற்குக் காரணமாக இருந்தால் செய்து எச்சம் இடம் கொடுக்கும்.

பெயரெச்சத்துக்கு மூன்று வரிக் கவிதை. முதல் வரி இறந்தகாலம், இரண்டாவது எதிர்காலம், மூன்றாவது எதிர்மறை, மூன்றும் ஒரே பெயரில் முடிய வேண்டும். நேற்று அலை தொட்ட பாறை, நாளை அலை தொடும் பாறை, என்றும் அலை தொடாத பாறை. பிள்ளைகள் இதைவிட நன்றாக எழுதுவார்கள்.

ஆறாம் படி: வில்லுப்பாட்டு மேடை

நம் ஊர்க் கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு இன்னும் கேட்கிறது. பிள்ளைகளுக்கு அதன் நடை காதில் இருக்கும். கதை சொல்பவர் "ஒரு ஊரிலே ஒரு ராஜா இருந்தார்" என்று இறந்தகாலத்தில் தொடங்குவார், பின்பாட்டுக்காரர் "ஆமா" போடுவார். சண்டை வரும் இடத்தில் காலம் மாறும்: "வாளை எடுக்கிறான்! ஓங்குகிறான்!" குடமும் உடுக்கையும் வேகம் எடுக்கும். முடிந்ததும் மறுபடி "விழுந்தான்" என்று அமைதியாக இறந்தகாலம்.

வகுப்பில் வில் வேண்டாம், ஒரு மேசையும் இரண்டு அளவுகோலும் போதும். உள்ளூர்க் கதை ஒன்றைப் பன்னிரண்டு வரியில் எழுதி, நிகழ்காலத்துக்குத் தாவும் வரியை அவர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். மேசையில் தாளம் வேகமாகும் இடமும் வினை மாறும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். தாளம் ஓரிடத்தில் வேகமாகி, வினை வேறிடத்தில் மாறினால் கேட்பவர்களுக்கே உறுத்தும்.

ஒரு காலத்துக்குரிய இடத்தில் வேறு காலம் வந்தாலும் ஏற்றுக்கொள்ளும் கால வழுவமைதியை இந்த நாளில் முடித்துவிடலாம். விரைவு, மிகுதி, தெளிவு இவற்றுக்காகக் காலம் பிறழலாம் என்று நன்னூல் சொல்கிறது. "சாப்பிட வாடா" என்று அம்மா கூப்பிட்டால் படுக்கையிலிருந்து அசையாமலே "இதோ வந்துட்டேன்" என்பதுதான் விரைவுக்கு உதாரணம். எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்த இலக்கணம்.

ஏழாம் படி: பேச்சு எழுதுவது

பூதப்பாண்டியில் 1907இல் பிறந்த பொதுவுடைமைத் தலைவர் ஜீவாவை மேடைப் பேச்சுக்காகவே நாடு அறிந்தது. அந்த மாவட்டத்தில் பேச்சுப் போட்டி என்றால் பெற்றோர் எழுதி, பிள்ளை மனப்பாடம் செய்து, "என் உரையை நிறைவு செய்கிறேன்" என்று மூச்சு விடாமல் முடிப்பது வழக்கமாகிவிட்டது. நான் நடுவராகப் போன ஒரு போட்டியில் தொடர்ந்து ஐந்து பிள்ளைகள் ஒரே பேச்சைப் பேசின. எல்லார் வீட்டுக்கும் ஒரே அச்சடித்த புத்தகம்.

நவம்பர் 1, குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த நாள், நல்ல தலைப்பு. கரும்பலகையை மூன்றாகப் பிரியுங்கள்.

நடந்தவை: 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் இணைப்புக்காகப் போராடியவர்கள் மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. செயப்பாட்டு வினைக்கு இதுவே இடம். "இணைந்தன" என்றால் தாமாக வந்ததுபோல், "இணைக்கப்பட்டன" என்றால் யாரோ செய்தது. "இணைத்தார்கள்" என்றால் யார் என்று கேள்வி வரும். போராடியவர்களைச் சொல்ல வேண்டுமானால் எந்த வடிவம் நல்லது? இந்தக் கேள்விக்கே ஒரு பாடவேளை போய்விடும், போகட்டும்.

நிற்பவை: நிகழ்காலம். 133 அடி வள்ளுவர் சிலை 2000 ஜனவரி 1இல் திறக்கப்பட்டது, இன்றும் நிற்கிறது. நாம் பேசுகிறோம், படிக்கிறோம். இந்தப் பகுதி நாலு வரிக்கு மேல் போனால் அலுக்கும்.

வேண்டுபவை: இங்கேதான் பேச்சு படுத்துவிடும். "நீர்நிலைகள் பாதுகாக்கப்பட வேண்டும்." யார் பாதுகாப்பது? வேண்டும் என்ற துணைவினை ஆளை மறைத்துவிடுகிறது, அதோடு செயப்பாட்டு வினையும் சேர்ந்தால் ஆள் சுத்தமாகக் காணாமல் போய்விடுவார். மூன்று தடவை மாற்றி எழுதச் சொல்லுங்கள். பாதுகாக்கப்பட வேண்டும்; பாதுகாக்க வேண்டும்; "எங்கள் தெருக் குளத்தில் கிடக்கும் பிளாஸ்டிக்கை வரும் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பொறுக்குவோம்." மூன்றாவதைச் சொல்லப் பிள்ளைகள் தயங்குவார்கள், சொன்னால் செய்ய வேண்டி வருமே. தன்மைப் பன்மை எதிர்காலத்தின் கனம் அதுதான்.

கடைசி வரிக்கு, வாழ்த்தும் வேண்டுதலும் சொல்லும் வியங்கோள். பிள்ளைகளுக்கு வாழ்க, வருக, ஒழிக தவிர வேறு தெரியாது. "பெய்க மழை", "நிறைக குளங்கள்" என்று புதிதாக நாலு உண்டாக்கச் சொல்லுங்கள். இந்தக் க விகுதி எல்லா இடத்துக்கும் எல்லாப் பாலுக்கும் பொது என்பதை அவர்களே கவனிப்பார்கள்.

பேசிக் காட்டும்போது ஒரு பயிற்சி. தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் நிற்கிறது, பிள்ளைகள் மூச்சு முட்டி அந்தக் கடைசியைத்தான் விழுங்குகிறார்கள். அதனால் வாக்கியத்தை மெதுவான குரலில் சொல்லி, முற்றை மட்டும் உரக்கச் சொல்ல வையுங்கள். நடந்தது! சேர்ந்தன! பொறுக்குவோம்! இரண்டு நாள் சிரிப்பாக இருக்கும். மூன்றாம் நாள் பின்வரிசைக்கும் காலம் கேட்கும்.

திருத்துவது

ஒரு நோட்டில் ஒரு வகைப் பிழையை மட்டும் திருத்துங்கள். இந்த வாரம் காலம், அடுத்த வாரம் விகுதி. சந்திப்பிழையும் எழுத்துப்பிழையும் கண்ணை உறுத்தும், தாங்கிக்கொள்ளுங்கள். தப்பான வினையைச் சுழிக்காமல், ஓரத்தில் "எங்கே நிற்கிறாய்?" என்று எழுதுங்கள். வேறு ஒன்றும் வேண்டாம். நாற்பது நோட்டுக்கு இது நேரத்தையும் மிச்சப்படுத்தும்.

ஜூனில் எழுதிய முதல் கட்டுரையை வாங்கி வைத்துக்கொண்டு, பொங்கல் விடுமுறை முடிந்து வரும்போது திருப்பிக் கொடுத்துத் திரும்ப எழுதச் சொல்வேன். முட்டம் போன பையனிடமும் கொடுத்தேன், சிவப்பு மை இல்லாத நகலாக. நான் எதிர்பார்த்தது "ஏறினேன்" என்ற திருத்தம். அவன் "ஏறுவேன்" என்பதை மாற்றவே இல்லை. இப்படி எழுதியிருந்தான்: "நாங்கள் முட்டம் போனோம். அங்கே கலங்கரை விளக்கம் இருக்கிறது. 'நான் மேலே ஏறுவேன்' என்று அடம்பிடித்தேன். அப்பா 'காற்று பலமாக அடிக்கிறது' என்றார். என் தொப்பி பறந்து போனது."